அலமாரிக்குள் ஐந்து வாரம் கிடந்த மனு

மாணவர் சேவைப் பொறுப்பை இந்த வருஷம் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பாவம்தான். யாரும் கேட்டு வாங்குகிற பொறுப்பில்லை அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள், ஸ்டாஃப் மீட்டிங்குக்கு வராதவர்கள், இந்த மூன்று கூட்டத்திலிருந்துதான் ஆள் பிடிப்பார்கள். நான் மூன்றாவது கூட்டம். பல்வலி என்று ஒரே ஒரு நாள் லீவ் போட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் சேவைப் பதிவேடுகள் என் மேஜையில் உட்கார்ந்திருந்தன. ஓய்வு பெறும்வரை எழுந்து போகவேயில்லை.

முகாமுக்கு எந்தப் படிவம், மரம் நட்டால் எத்தனை மணி நேரம் எழுதலாம் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். சர்க்குலர் வரும், படித்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளைக் கொண்டு ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும், குறித்த மணி நேரம் முடித்தவர்களுக்குப் பரீட்சையில் கிரேஸ் மார்க் உண்டு. அவ்வளவுதான் திட்டம். நான் சொல்ல வந்தது ஒரு ஓடை ஸ்லாபைப் பற்றி. நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் பொருளாதாரம் நடத்திய பள்ளி கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். நடுவில் ஒரு சந்து. அதன் ஒரு பக்கம் முழுக்க ஸ்கூட்டரும் பைக்கும் நிற்கும். மறுபக்கம் சாக்கடை ஓடை. ஓடையை வரிசையாக மூடிய கான்கிரீட் ஸ்லாப்கள்தான் நடைபாதை. அந்த வருஷம் மே மாதம் முடியுமுன்பே என் சேவைக் குழுவில் ஐந்து பிள்ளைகளைப் பள்ளியைச் சுற்றியுள்ள ஆறு தெருக்களுக்கு அனுப்பி, மக்களுக்கு என்னென்ன குறை என்று எழுதி வரச் சொன்னேன். பிரமாதமாக எழுதி வந்தார்கள். எரியாத விளக்கு, ஒழுகுகிற குழாய், கடிக்கிற நாய், எல்லாம் அதில் இருந்தது. தலைமை வகித்தவள் பெனிட்டா. நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அப்பா மேஸ்திரி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், என்னிடம் இரண்டும் கலந்து பேசுவாள். வாயைத் திறந்தால் நேராகப் பேசுவாள். அது எனக்கு எப்போதும் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய்.

நாங்கள் அதை மனுவாக்கினோம். இங்கே மலையாளத்தில் நிவேதனம் என்பார்கள். நான் இரண்டு இரவு உட்கார்ந்து வாக்கியங்களைத் திருத்தினேன். "மாண்புமிகு" சேர்த்தேன். லெட்டர்ஹெட்டில் அடித்து, ஓரத்தில் பூ வைத்த ஃபோல்டரில் போட்டேன். அடுத்த நாளே மாநகராட்சி வட்டார அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நடந்து போனால் பத்து நிமிஷம்.

கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா? உத்காடனம்! நம்மவர்களுக்கு எதையும் திறந்து வைக்காமல் ஆரம்பிக்கத் தெரியாது. சேவைத் திட்டத்தின் அந்த ஆண்டுத் தொடக்க விழாவுக்கு ஒரு மந்திரி வருவதாக இருந்தது. பிள்ளைகள் மேடையில் ஏறி மனுவை மந்திரி கையில் கொடுக்க வேண்டும், கேமராக்காரர் கிளிக் செய்ய வேண்டும். பிரின்சிபல் சாரின் யோசனை. அவர் மலையாளி, ஆனால் எனக்காகத் தமிழில் பேசுவார். "டீச்சரே, மந்திரி கையில கொடுத்தா அதுக்கொரு வெயிட் உண்டல்லோ" என்றார். நானும் தலையாட்டினேன். அவர்மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு மனசில்லை. எனக்கும் அந்த போட்டோ வேண்டியிருந்தது. மாவட்டத்தின் சிறந்த சேவைக் குழு என்ற ஷீல்டு மேல் எனக்குக் கண்.

நோட்டீஸ் அச்சடித்தோம். வரவேற்க ஒரு சுவாகதம், தலைமைக்கு ஓர் அத்தியட்சர், திறந்து வைக்க ஓர் உத்காடகர், அதற்குப் பிறகு வாழ்த்திப் பேசுகிறவர்கள் பதினான்கு பேர். வார்டு கவுன்சிலர் முதல் பழைய மாணவர் சங்கத்துப் பொருளாளர் வரை ஒருவரையும் விடவில்லை. விட்டால் கோபித்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த நோட்டீசில் கிடைத்த இடம் எது? கடைசி வரி. நன்றியுரை. அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மந்திரியின் தேதி தள்ளிப்போயிற்று. முதல் தடவை சட்டசபை. இரண்டாம் தடவை அவருக்குக் காய்ச்சல். மூன்றாம் தடவை காரணமே சொல்லவில்லை. மனு என் அலமாரியில், சாக்பீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. பள்ளி திறந்த நாள் முதல் பெனிட்டா வந்து கேட்பாள்.

"டீச்சரே, நிவேதனம் கொண்டு குடுத்தியளா?"

"தேதி வரட்டும்டி கொழந்தே. எதுக்கும் ஒரு முறை உண்டோல்லியோ?"

"மழை வந்திருச்சே டீச்சர்."

"மழை வருஷா வருஷம் வரதாக்கும். போய் க்ளாஸ்ல உக்காரு."

இந்தப் பதிலை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே எரிச்சல். ஒரே கேள்வியை ஒரு பெண் தினம் கேட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு தொந்தரவு. என் சேவைக் குழுவில் தினம் ஒரு பிள்ளை தாமதமாக வர ஆரம்பித்தது. ஒருநாள் இவன், ஒருநாள் அவள், பாதி நாள் பெனிட்டா. மணி அடித்து, பிரார்த்தனை முடிந்து, பத்து நிமிஷம் கழித்து முதுகில் பையும் முழங்கால்வரை சேறுமாக வந்து நிற்பார்கள். ஏன் என்றால் பதில் வராது. நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். சந்து முனையில் டீக்கடை இருக்கிறது, அங்கே நின்று வம்படிக்கிறார்கள். மூன்று முறை தாமதம் என்றால் சேவையில் ஒரு மணி நேரம் வெட்டு என்று சட்டம் போட்டேன். பெனிட்டாவுக்கு வெட்டி வெட்டி, கிரேஸ் மார்க்குக்கு வேண்டிய கணக்குக்குக் கீழே போய்விட்டாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். அந்த மார்க் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சிவப்பு மையால் வெட்டினேன். தலைமைப் பொறுப்பில் இருப்பவளே இப்படியா என்று குழுவின் முன்னால் நிற்கவைத்துக் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த நாள் வந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடிந்தும் விடவில்லை. கலெக்டர் பள்ளிகளுக்கு லீவ் விட்டுவிட்டார். வலியசாலையில் என் வீட்டில் உட்கார்ந்து, அப்பாடா என்று இரண்டாவது காபி போட்டுக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கு போன்.

"டீச்சரே, நான் பெனிட்டா. நீங்க வலியசாலையிலதானே இருக்கிய?"

"ஆமாண்டி. இன்னிக்கு லீவாக்கும், தெரியாதா?"

"அதுதான் டீச்சர் கொழப்பம். லீவுன்னா ஸ்லாபுகிட்ட நிக்க ஆளில்ல. எனக்க பஸ்ஸும் ஓடல்ல. மத்த நாலு பேருக்கும் விளிச்சேன், ஒருத்தரும் போன் எடுக்கல்ல, தூங்குதாவ. அவரு ஒம்பது மணிக்கு வந்துருவாரு. அவருக்கு லீவு இல்லல்லா?"

"எந்த ஸ்லாபு? எவர்?"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "நாங்க எழுதித் தந்தோம்லா டீச்சர். நிவேதனத்துல முதல் ஐட்டமே அதுதான்."

நான் இரண்டு இரவு திருத்திய மனு. ஒற்றுப்பிழை பார்த்தேன், மரியாதைச் சொல் சேர்த்தேன். முதல் குறை என்னவென்று என் மண்டையில் ஏறவேயில்லை.

அவள்தான் சொன்னாள். சந்தில் ஒரு ஸ்லாப் உடைந்து விழுந்து, ஓடை வாயைத் திறந்துகொண்டிருந்தது. லாட்டரிச் சீட்டு விற்கிறவர் ஒருவர் தினம் காலை ஒன்பது மணிக்கு அந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். இரண்டு கண்ணும் தெரியாதவர். வருஷக்கணக்காகக் காலால் எண்ணி நடந்த பாதை அது. எதிர்ப்பக்கம் போனால் பைக்குகள், நடுவில் போனால் பஸ். பிள்ளைகள் முதலில் குழியில் ஒரு கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். துணி மற்றவர்களுக்கு, அவருக்கு என்ன பிரயோஜனம்? கிளையையும் யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அதனால் ஐந்து பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். தினம் ஒருவர் அங்கே நின்று, அவர் கையைப் பிடித்து அந்த இடத்தைத் தாண்டிவிட்டு, அப்புறம் பள்ளிக்கு ஓடி வருவது. மனு போய்ச் சேருகிறவரை.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா நீங்க நிறுத்திருவிய டீச்சர். ரோட்டுல நிக்க பெர்மிஷன் லெட்டர் எங்கேன்னு கேப்பிய."

கேட்டிருப்பேன். சத்தியமாகக் கேட்டிருப்பேன்.

இப்போது கவனியுங்கள், உங்களுக்காகத்தான் சொல்கிறேன். மணி எட்டு நாற்பது. வீட்டிலிருந்து அந்தச் சந்துக்கு வேகமாக நடந்தால் இருபது நிமிஷம். அந்தக் கணமே குடையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதானே? நான் என்ன செய்தேன்? பிரின்சிபலுக்கு போன் போட்டேன்! மேலே கேட்காமல் எதையும் செய்து பழக்கமில்லையே. அவர் இரண்டாம் தடவைதான் எடுத்தார். "டீச்சரே, இன்னு அவதி. அவதி நாளில் நடக்குறதுக்கு ஸ்கூலுக்கு உத்தரவாதித்தம் இல்ல. டீச்சர் வெறுதே போய் தலையிட வேண்டாம்" என்றார். லீவ் நாளில் பள்ளிக்குப் பொறுப்பில்லையாம். அதைக் கேட்டு முடிக்க எட்டு நிமிஷம் போயிற்று. போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

சாலைக் கடைத்தெருவில் ஆட்டோ ஒன்றுகூட இல்லை. கணுக்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடாத குறையாக நடந்தேன். சந்துக்குள் நுழைந்தபோது எனக்கு முன்னால் இருந்தது ஒரே செம்மண் தண்ணீர். ஓடை எது, ஸ்லாப் எது, ரோடு எது, ஒன்றும் தெரியவில்லை. பெனிட்டாவை அழைத்தேன்.

"எங்கடி அந்தக் குழி?"

"ஜெராக்ஸ் கடைக்கு எதிர்த்தாப்பல போஸ்டு உண்டுல்லா டீச்சர்? அங்கேருந்து ஏழாவது."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் அந்த மின்கம்பத்தை ஏற்கெனவே தாண்டியிருந்தார். பிள்ளைகள் யாரும் குரல் கொடுக்கவில்லையே என்று காத்து நின்றிருக்கிறார். காத்துக் காத்து, அன்றைக்கு ஆள் வராது என்று தானே கிளம்பிவிட்டார். ஒரு கையில் குச்சி, மறு கையில் பிளாஸ்டிக் கவருக்குள் சீட்டுகள். அன்றைய சீட்டு குலுக்கல் முடிந்தால் வெறும் காகிதம், மழை என்று வீட்டில் இருக்க முடியாது. தண்ணீருக்குள் குச்சியைத் தட்டித் தட்டி வந்துகொண்டிருந்தார்.

"நில்லுங்கோ! நில்லுங்கோ அங்கேயே!"

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் குச்சியை ஊன்றினார். அது கைப்பிடிவரை இறங்கியது. உடம்பு முன்னால் சாய்ந்து, ஒரு கால் உள்ளே போயிற்று. சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து, என் பலமெல்லாம் சேர்த்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தோம். குச்சி ஓடையோடு போயிற்று. அவர் முழங்கால் சிராய்ந்து ரத்தம். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவர்தான் முதலில் பேசினார். செங்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"யாரு? பிள்ளையள் இல்லியே?"

"நான் அவா டீச்சர்."

"லேட்டு மார்க்கு போடுத டீச்சரா?"

"ஆமாம்."

கவரைத் தடவி, சீட்டுகள் நனையவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பிள்ளையளுக்கு அதைப் போடாதீங்கம்மா. நான் மெதுவா வாரதுனால ஆன லேட்டு அது."

அவரை டீக்கடையில் உட்காரவைத்துக் காலில் மருந்து போடச் சொல்லிவிட்டு, நேராகப் பள்ளிக்குப் போனேன். வாட்ச்மேனை எழுப்பி அறையைத் திறந்து, சாக்பீஸ் டப்பாக்களைத் தள்ளி அந்தப் பூப்போட்ட ஃபோல்டரை எடுத்தேன். லீவ் பள்ளிகளுக்குத்தான், ஆபீசுகளுக்கு இல்லை. சொட்டச் சொட்ட வட்டார அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கே ஒரு ஓவர்சியர், என்னைவிட இருபது வயதாவது சின்னவள். மனுவைப் படித்தாள். தேதியில்லை, மேலே மந்திரியின் பெயர்.

"இது மந்திரிக்கல்லவா டீச்சர்? இங்கே எதற்கு?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

பேனாவை வாங்கி, நான் சேர்த்த மாண்புமிகுவை நானே அடித்து, அவள் அலுவலகத்தின் பெயரை எழுதினேன். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். போட்டோ, நீளம் அகலம், போஸ்டிலிருந்து எத்தனையாவது ஸ்லாப், எல்லாம் பிள்ளைகள் கணக்காக எழுதியிருந்தார்கள்.

"எப்போது எழுதியது?"

"அஞ்சு வாரமாச்சு."

பேனாவைக் கீழே வைத்தாள். "ஸ்லாப் எங்கள் யார்டில் கிடக்கிறது டீச்சர். ஒரு மதியத்துக்குள் முடிகிற வேலை. மழைக்கு முன்னால் இந்தக் காகிதம் என் மேஜைக்கு வந்திருந்தால் போதும். மந்திரி வந்து ஸ்லாப் தூக்குவாரா?"

அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி வகுப்பு அதுதான். அன்று மதியமே குழியைச் சுற்றித் தடுப்பு வைத்தார்கள். மழை விட்டதும் இரண்டாம் நாள் புது ஸ்லாப் போட்டுவிட்டார்கள்.

பிரின்சிபல் சாருக்கு வந்ததே கோபம்! "நோட்டீசில் நிவேதன சமர்ப்பணம்னு அச்சடிச்சாச்சே டீச்சரே, இனி மந்திரி கையில எதைக் கொடுக்குறது?" என்று மேஜையில் தட்டினார். ஒரு மனிதர் ஓடையில் போகப் பார்த்தார் என்கிறேன், இவருக்கு நோட்டீஸ் கவலை. கடைசியில் மந்திரி வந்தார். பதினான்கு பேரும் வாழ்த்திப் பேசினார்கள். பிள்ளைகள் ஒரு செடித்தொட்டி கொடுத்தார்கள். அப்போதும் சார் என் காதில் கேட்கிறார், மந்திரியை அந்தப் புது ஸ்லாப் மேல் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கலாமா என்று. நல்லவேளை, மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் சேவைப் பதிவேட்டைத் திறந்தேன். நான் வெட்டிய மணி நேரங்களை எல்லாம் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டில் மாட்டிக்கொள்வேன் என்றார் சார். மாட்டிக்கொண்டேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன், அந்தக் கதை அதோடு அடங்கிற்று. பெனிட்டாவுக்கு மார்க் கிடைத்தது.

மார்க் அவள் சொந்தக் கணக்கால் கிடைத்தது, என் தாராளத்தால் இல்லை. அவளைக் கூப்பிட்டு, "ஸ்லாபுகிட்ட நின்னதையும் எழுதிக்கோ, நாளுக்கு ஒரு மணி நேரம் போட்டுக்கோ" என்றேன். முகத்தைச் சுளித்தாள்.

"பத்து நிமிஷம்தானே டீச்சர் நின்னோம்?"

கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். ஐந்து வாரத்துக்கும் முறைப் பட்டியல். தேதி, நின்றவர் பெயர், வந்த நேரம். வராதவர்களுக்கு ஒரு பெருக்கல் குறி. சில இடங்களில் அவள் பெயரே நாலைந்து நாள் தொடர்ந்து இருந்தது. மற்றவர்கள் தூங்கிப்போன நாட்கள். என் பதிவேட்டில் இல்லாத நேர்மை அந்தக் கிழிசலில் இருந்தது.

கடைசி வரியில் அந்த மழை நாள். பெயர் இருந்த இடத்தில் "டீச்சர்" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பக்கத்தில், என்னிடமிருந்தே கற்றுக்கொண்ட சிவப்பு மையில்: "லேட். எட்டு நிமிஷம்."